அமெச்சூர் என்றால் இளப்பமா?

சரியாக ஆடாதவனை ‘அமெச்சூர்’ என்று கேலி செய்கிறார்கள். பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் என்பதால் எனக்கு எரிச்சல்தான் வரும். அந்தச் சொல்லுக்கு அடிப்பொருள் நேசிப்பவன்.

கியூபாவின் பேஸ்பால் வீரர் வில்ஃபிரெடோ சான்செஸை எடுத்துக்கொள்ளுங்கள். மட்டான்சாஸ் மாகாணத்துக்காரர், இடது கை ஆட்டக்காரர், அவுட்ஃபீல்டர். மட்டை பிடிக்க முதல் ஆளாக இறங்குவார். நம் கிரிக்கெட் ஓப்பனர் மாதிரி என்றாலும், கட்டை போட்டு நிற்க முடியாது. பந்தை ஆளில்லாத இடத்தில் தட்டிவிட்டு முதல் பேஸுக்கு ஓடியாக வேண்டும். ஹோம் ரன் அடித்துக் கைதட்டல் வாங்குவது பின்னால் வருபவர் பாடு. இப்படித் தட்டித் தட்டியே, அவர்களுடைய தேசியத் தொடரில் 2000 ஹிட் கண்ட முதல் ஆள் ஆனார். 5 முறை பேட்டிங் சாம்பியன். ‘ஹிட் மனிதர்’ என்றே பட்டப்பெயர்.

புரட்சிக்குப் பிறகு, 1960களின் தொடக்கத்திலேயே, தொழில்முறை ஆட்டத்தை அங்கே அரசு ஒழித்துவிட்டது. “அரசுதானே சம்பளம் கொடுத்தது? அவர்கள் போலி அமெச்சூர்கள்” என்று சிலர் வாதம் செய்கிறார்கள். நம் ரயில்வேயிலும் ஸ்டேட் பாங்கிலும் சம்பளம் வாங்கிக்கொண்டு ஆடியவர்களை யாராவது போலி என்றார்களா? மாதச் சம்பளத்தில் எவ்வளவு மிஞ்சும் என்று குமாஸ்தாவாக இருந்த என்னைக் கேளுங்கள், சொல்கிறேன்.