சுற்றிக்கொண்டேயிருக்கும் வட்டம்



திருப்பதியில் குடியிருக்கும் ஒரு சகோதரியின் இல்லத்தில் நடந்ததை முதலாவது சொல்லிவிடுகிறேன். அவர்களுக்குச் சொந்த ஊர் சித்தூர். கணவருடைய வேலையின் நிமித்தம் குடும்பம் திருப்பதிக்குப் பெயர்ந்தது. எண்பது வயதைக் கடந்த தாயாரும் அவர்களோடு இருக்கிறார். சகோதரியின் அண்ணன் மகளுக்குச் சென்னையில் திருமண ஆராதனை ஏற்பாடாயிற்று. முழங்கால் வலியுள்ள தாயாரால் ஏறக்குறைய 140 கிலோமீட்டர் பிரயாணம் செய்ய இயலவில்லை. ஆகவே, சபையார் யூடியூபில் தந்த நேரடி ஒளிபரப்பைக் காண, மடிக்கணினியை அவருடைய கட்டிலண்டையில் வைத்தார்கள்.

பாடல்களும் ஜெபமும் தடையின்றி வந்தன. போதகர் மணமக்களை எழுந்து நிற்கச் செய்து, உடன்படிக்கையைச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். மணமகன் சொல்லி முடித்தான். மணமகள் வாய் திறக்கும் நேரத்தில் படம் உறைந்துபோயிற்று; திரையின் நடுவே அந்த வட்டம் சுற்றலாயிற்று. மீண்டும் படம் வந்தபோது மணமக்கள் ஆசனத்தில் அமர்ந்திருக்க, யாரோ ஒரு பெரியவர் வாழ்த்துரை கூறிக்கொண்டிருந்தார். “பிள்ளை என்ன சொன்னாள்?” என்று தாயார் கேட்டார். ஒருவரிடத்திலும் பதிலில்லை.

மறுநாளே சகோதரியின் மகன் 40 எம்பிபிஎஸ் இணையத் திட்டத்தை 100 எம்பிபிஎஸ் திட்டமாக மாற்றினான். மாதக் கட்டணம் கூடியது. ஆனால் அடுத்த ஞாயிறு ஆராதனையிலும் பிரசங்கத்தின் நடுவே வட்டம் சுற்றிற்று. அதன்பின்புதான் எனக்குக் கடிதம் வந்தது. சித்தூருக்கு வேறொரு காரியமாய்ச் செல்லவேண்டியிருந்தபடியால் அவர்கள் வீட்டுக்கும் சென்று வந்தேன்.

இப்பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதி இதே வருத்தத்தைத்தான் சொல்கின்றன: “கட்டணத்தை உயர்த்தியும் படம் நிற்கிறது.” இணைப்பு விற்பவர் எப்போதும் வேகத்தைப் பற்றியே பேசுவார், அது அவருடைய பிழைப்பு. யூடியூப் நிறுவனமே தெரிவிக்கும் கணக்கைப் பாருங்கள். 1080 தரத்திலான தெளிவான படத்துக்கு 5 எம்பிபிஎஸ் போதும். 720 தரத்துக்கு 2.5 போதும். 480 தரம் 1.1 எம்பிபிஎஸ்ஸில் ஓடிவிடும். அப்படியானால் 40 எம்பிபிஎஸ் வரும் வீட்டில் எட்டுத் திரைகளில் ஒரே நேரத்தில் தெளிவான படம் பார்க்கலாம். அங்கே ஒரே ஒரு மடிக்கணினி நிற்கிறதென்றால், வேகத்தை விலைகொடுத்து வாங்குவதனால் அது சரியாகப் போவதில்லை.

படம் நம்மிடம் வந்து சேரும் விதத்தை அறிந்துகொண்டால் மற்றவை எளிதாய் விளங்கும். வீடியோவானது சில விநாடி நீளமுள்ள துண்டுகளாக நறுக்கப்பட்டு, ஒவ்வொரு துண்டும் பல தரங்களில் ஆயத்தமாக வைக்கப்பட்டிருக்கிறது. இணைப்பு நன்றாயிருக்கும்போது கணினி உயர்ந்த தரத்துண்டைக் கேட்டு வாங்குகிறது. தளரும்போது தாழ்ந்ததைக் கேட்கிறது. படம் திடீரென்று மங்கிப் பின்பு தெளிவது இதனால்தான், அது கோளாறல்ல. வாங்கிய துண்டுகளைக் கணினி முன்கூட்டியே சேர்த்தும் வைக்கிறது. நம் வீட்டு மேல்தொட்டியைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். குழாயில் தண்ணீர் விட்டுவிட்டு வந்தாலும், தொட்டியில் நீர் இருக்கும்வரை அடுப்பங்கரைக் குழாய் ஒழுகும். தொட்டி வற்றும்போதுதான் வட்டம் சுற்றுகிறது.

நேரடி ஒளிபரப்பில் இந்தத் தொட்டி மிகவும் சிறியது. இன்னும் நடவாததை முன்கூட்டிச் சேர்த்துவைக்க யாராலும் கூடாதல்லவா? ஆகவே, பதிவு செய்யப்பட்ட படத்தில் நாம் உணராமலே கடந்துபோகும் ஓரிரு நிமிடத் தடை, நேரடி ஒளிபரப்பில் அப்பட்டமாய்த் தெரிகிறது. இதற்கு ஒரு சிறு உபாயம் உண்டு. ஒளிபரப்புத் தொடங்கியதும் ஒரு நிமிடம் நிறுத்திவைத்து, பின்பு ஓடவிடுங்கள். பின்னோக்கிச் செல்ல ஒளிபரப்புவோர் அனுமதித்திருந்தால், நீங்கள் ஒரு நிமிடம் பிந்தியே பார்ப்பீர்கள், தொட்டியும் நிரம்பியிருக்கும். பாடலைச் சேர்ந்து பாடுகிறவர்களுக்கு ஒரு நிமிடப் பிந்துதல் ஒரு குறையுமல்ல.

இனி, தடை எங்கே உண்டாகிறது என்று தேடவேண்டும். அனுப்புகிற இடத்திலா, வருகிற வழியிலா, நம்முடைய வீட்டுக்குள்ளேயா?

அனுப்புகிற இடத்தைச் சோதிப்பது மிகச் சுலபம். அதே ஒளிபரப்பைப் பார்க்கும் வேறோர் ஊர் உறவினரைத் தொலைபேசியில் அழைத்து, அங்கும் நின்றதா என்று கேளுங்கள். எல்லா வீட்டிலும் ஒரே நொடியில் நின்றிருந்தால் குற்றம் அனுப்புகிறவர்களுடையது. மண்டபத்தில் ஒரு கைப்பேசியை நிறுத்தி, மொபைல் இணைப்பிலேயே ஒளிபரப்பும் சபைகள் அநேகம். ஐந்நூறு விருந்தினரும் அதே கோபுரத்தின் வழியாய்ப் புகைப்படம் அனுப்பத் தொடங்கினால் அந்தக் கைப்பேசியின் குரல்வளை நெரிபடும். உங்கள் சபையில் இப்பணியைச் செய்யும் வாலிபர்கள் இதை வாசிப்பார்களானால், மண்டபத்துக்குக் கம்பிவழி இணைப்பு உண்டா என்று முந்தின வாரமே விசாரித்துக்கொள்வது நலம். இறங்கும் வேகத்தையல்ல, ஏறும் வேகத்தைக் கேளுங்கள்.

திருப்பதி சகோதரியின் காரியத்தில், பெங்களூரிலிருந்த உறவினர் வீட்டில் படம் ஒருமுறையும் நிற்கவில்லை. ஆகவே சென்னைச் சபையின்மேல் குற்றமில்லை.

அடுத்தது வழி. ஆந்திர மாநிலத்தில் இதற்கு ஒரு தனி வரலாறு உண்டு. ஏபி ஃபைபர்நெட் என்னும் அரசு நிறுவனத்தின் இணைப்பை 2017 டிசம்பர் 27 அன்று அப்போதைய குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் நாட்டுக்கு அர்ப்பணித்தார். தொடக்கத்தில் மாதம் 149 ரூபாய்க்குத் தொலைக்காட்சி, இணையம், தொலைபேசி ஆகிய மூன்றையும் தருவதாக அறிவித்தார்கள். பூமியைத் தோண்டிப் புதைப்பதற்குப் பதிலாக, மின்கம்பங்களின்மேலேயே 20,000 கிலோமீட்டருக்கும் அதிகமாகக் கண்ணாடி இழைக் கேபிளை இழுத்தார்கள். செலவு வெகுவாய்க் குறைந்தது. வேலையும் விரைந்து முடிந்தது. தனியார் நிறுவனங்களும் பல தெருக்களில் கம்பத்துக்குக் கம்பம்தான் கேபிளைக் கொண்டுவருகின்றன. காற்றும் மழையும் முறியும் மரக்கிளையும் இந்தக் கேபிளுக்குச் சத்துருக்கள். குரங்குகளையும் சேர்த்துக்கொள்ளலாம். வாரணாசியில் கங்கைக் கரையோரம் இழுத்த இழைகளைக் குரங்குகள் கடித்துத் தின்றுவிடுவதாக 2015இல் செய்தி வெளிவந்தது. திருப்பதி வாசிகளுக்கு இது வியப்பாயிராது.

இழை அறுந்ததா என்று அறிய, வீட்டுக்குள் வரும் இழை முடிகிற பெட்டியைப் பாருங்கள். ‘பான்’ என்ற விளக்கு பச்சையாய் நிலைத்து நிற்கவேண்டும். ‘லாஸ்’ என்ற விளக்கு சிவப்பாய் எரிந்தால் ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். கணினியை எத்தனைமுறை அணைத்துப் போட்டாலும் பயனில்லை, ஆளைத்தான் அழைக்கவேண்டும். அதற்குமுன் அந்த மெல்லிய இழை கதவிடுக்கிலோ மேசைக் காலடியிலோ மடங்கிக் கிடக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கண்ணாடி இழை கூர்மையாய் மடங்கினால் ஒளி அவ்விடத்திலேயே கசிந்துபோகும். பெருக்கித் துடைக்கும்போது நேரிடும் விபத்து இது. மின்தடை அடிக்கடி நேரிடும் வீடுகளில், ரவுட்டருக்கென்று விற்கும் சிறு 12 வோல்ட் யுபிஎஸ் ஒன்றை வாங்கி வைப்பது கூடுதல் எம்பிபிஎஸ் வாங்குவதைக் காட்டிலும் புத்தியுள்ள செலவு.

ஒரே இழையைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்வதால், இரவு எட்டு மணிக்குமேல் எல்லாரும் படம் பார்க்கும் நேரத்தில் வேகம் தளர்வதும் உண்டு. 2020 மார்ச்சில் ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது நாடு முழுவதிலும் நெரிசலாகும் என்று அஞ்சி, வீடியோ நிறுவனங்கள் கூடிப் பேசி, மொபைல் இணைப்புகளுக்கு ஏப்ரல் 14 வரை 480 தரத்துக்குமேல் அனுப்புவதில்லை என்று தீர்மானித்தது நினைவிருக்கலாம். உங்கள் தெருவின் நெரிசலை அறிய, அதிகாலையில் ஒருமுறையும் இரவு ஒன்பது மணிக்கு ஒருமுறையும் வேகத்தை அளந்து குறித்துவையுங்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசமிருந்தால், அந்தத் தாளோடு புகார் செய்யலாம். இந்தியாவில் ‘பிராட்பேண்ட்’ என்று சொல்லிக்கொள்ளக் குறைந்தபட்சம் 2 எம்பிபிஎஸ் தரவேண்டும் என்று 2023 ஜனவரியில் விதி திருத்தப்பட்டது. அதற்குமுன் 512 கேபிபிஎஸ்ஸே போதுமென்றிருந்தது.

வீட்டு இணைப்பு இல்லாமல் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டிலிருந்து கணினிக்கு எடுப்பவர்கள் வேறொரு கணக்குப் போடவேண்டும். 5 எம்பிபிஎஸ்ஸில் ஒரு மணி நேரம் முழுமையாய் ஓடினால் 2.25 ஜிபி செலவாகும். நாளொன்றுக்கு 1.5 ஜிபி உள்ள திட்டமானால் 40 நிமிடத்தில் தீர்ந்துவிடும். ஆராதனை துதிப்பாடலோடு முடிந்துபோகும்! படத்தின் கீழேயுள்ள பற்சக்கரக் குறியை அழுத்தித் தரத்தை 480 என்று நீங்களே நிர்ணயித்துவிட்டால் கடைசி ஜெபம்வரை தாராளமாய் வரும்.

திருப்பதி வீட்டில் விளக்குகள் பச்சையாயிருந்தன. ரவுட்டரோடு மடிக்கணினியை ஒரு குட்டைக் கேபிளால் நேரே இணைத்து அளந்தேன்; 97 எம்பிபிஎஸ் வந்தது. வழியும் குற்றமற்றது. அதே கணினியைத் தாயாரின் அறைக்குக் கொண்டுபோய் வைஃபையில் அளந்தபோது 6 எம்பிபிஎஸ், சற்று நேரத்தில் 4. விற்றவர் 100 கொடுத்திருக்கிறார். கட்டிலுக்கு வந்து சேர்ந்தது நான்கு.

இதன் காரணம் கூடத்திலேயே இருந்தது. இணைப்புக் கொடுக்க வந்தவர் ஜன்னலோரம் கேபிளை இழுத்து, அங்கேயே ரவுட்டரை வைத்துப் போய்விட்டார். பிற்பாடு அழகுக்காக அதை இரும்புப் பீரோவின் பின்னே மறைத்துவிட்டார்கள். வைஃபை அலை இரும்பைக் கடக்காது. கான்கிரீட்டிலும் கருங்கல்லிலும் வெகுவாய் மெலிந்துபோகும். குப்பத்துப் பச்சைக் கிரானைட் புகழ்பெற்ற சித்தூர்ச் சீமையில், தூணுக்கும் சுவருக்கும் கல் பதித்த வீடுகளுக்குக் குறைவில்லை. ரவுட்டரில் இரண்டு அலைவரிசைகள் உண்டு. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது. ஆனால் சுவர்களைத் தாண்ட வலுவற்றது. 2.4 தூரம் செல்லும். ஆனால் அயல்வீட்டு ரவுட்டர்கள் பலவும் அதிலேயே நெருக்குகின்றன. ஒன்றோடொன்று மோதாத வாய்க்கால்கள் அதில் 1, 6, 11 ஆகிய மூன்றே. தாயாரின் அறைக்கு எட்டியது 2.4 மாத்திரமே.

இருந்தாலும் என் மனதில் ஒரு கேள்வி நின்றது. நான்கு எம்பிபிஎஸ்ஸுக்கும் 720 தரத்தில் படம் ஓடவேண்டுமே, முற்றிலும் ஏன் நின்றது? யூடியூப் படத்தின்மேல் சுட்டியின் வலப்பொத்தானை அழுத்தினால் ‘ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்’ என்ற வரி தோன்றும். அதை அழுத்தினால் ஒரு சிறு அட்டவணை வரும். அதில் ‘பஃபர் ஹெல்த்’ என்பது தொட்டியில் எத்தனை விநாடிப் படம் இருக்கிறது என்று காட்டும். ‘டிராப்ட் ஃபிரேம்ஸ்’ என்பது கணினி காட்டத் தவறிய படங்களின் எண்ணிக்கை. தொட்டி நிறைந்திருந்தும் தவறிய படங்கள் ஏறிக்கொண்டேபோனால் இணையத்தை நோகவேண்டாம். பழைய கணினியால் புதிய சுருக்க முறையை விரித்துக் காட்ட முடியவில்லை. திறந்துகிடக்கும் மற்றப் பக்கங்களை மூடி, தரத்தைக் குறையுங்கள். தொட்டி வற்றினால் குற்றம் இணைப்பினுடையது.

அந்த அட்டவணையைத் திறந்துவைத்துக்கொண்டு அமர்ந்திருந்தேன். தொட்டியில் பதினைந்து, பதினெட்டு விநாடி என்று நிலையாயிருந்தது. சரியாகப் பதினொரு மணிக்கு எண் இறங்கத் தொடங்கிற்று. பன்னிரண்டு, ஐந்து, பூஜ்யம். வட்டம் சுற்றிற்று. அச்சமயத்தில் அடுப்பங்கரையிலிருந்து ‘ஊம்’ என்ற ஓசை கேட்டது. சகோதரி தாயாருக்கு மாத்திரை வேளைக்குரிய கஞ்சியை மைக்ரோவேவ் அடுப்பில் சூடாக்கிக்கொண்டிருந்தார். அந்த அடுப்பு உணவைச் சூடாக்குவது 2.4 கிகாஹெர்ட்ஸை ஒட்டிய அதே அலையினால்தான். சிறிதளவு கசிந்தாலும் உடம்புக்குத் தீங்கில்லை. ஆனால் ஏற்கெனவே நலிந்து வரும் வைஃபைக்கு அது பேரிரைச்சல். ரவுட்டருக்கும் கட்டிலுக்கும் நேர்நடுவே அடுப்பங்கரை. திருமண நாளிலும் தாயாருக்குப் பதினொரு மணிக்குத்தான் கஞ்சி கொடுத்ததாகச் சகோதரி சொன்னார்.

பீரோவின் பின்னிருந்த ரவுட்டரைச் சுவரில் ஆளுயரத்தில் மாட்டினோம். கூடத்திலிருந்து அறைவரை பதினைந்து மீட்டர் லேன் கேபிளை நிலைக்கதவின் மேலாக இழுத்து மடிக்கணினியில் செருகினான் மகன். செலவு சில நூறு ரூபாய். கம்பியில் வரும் படத்தை மைக்ரோவேவ் தொடுவதில்லை. இப்போது கஞ்சியும் சூடாகிறது, படமும் ஓடுகிறது. அடுத்த மாதம் பழைய 40 எம்பிபிஎஸ் திட்டத்துக்கே திரும்பிவிட்டார்கள்.

பன்னிரண்டு மணி நேரத்துக்குட்பட்ட நேரடி ஒளிபரப்பை யூடியூப் தானாகவே பதிவுசெய்து வைக்கிறது. ஒளிபரப்பியவர் நீக்காதவரை அது அங்கேயே இருக்கும். இதை அவ்வீட்டார் அறிந்திருக்கவில்லை. சென்னைச் சபையின் பக்கத்தில் தேடி எடுத்து, மணமகன் பேசும் இடத்திலிருந்து ஓடவிட்டேன். மணமகள் தலைகுனிந்து, போதகர் சொல்லச் சொல்ல, மெல்லிய குரலில் சொன்னாள். சத்தம் போதவில்லை என்று தாயார் சைகை காட்டினார். சத்தத்தைக் கூட்டி, மறுபடியும் முதலிலிருந்து வைத்தோம்.