புதிய இடைநிலைப்பள்ளிகள்: தேதியில்லாத வாக்குறுதிகள்



2025-இல் மலேசிய நாடாளுமன்றம் கல்விச் சட்டத்தைத் திருத்தி இடைநிலைக் கல்வியைக் கட்டாயமாக்கியது. தொடக்கக் கல்விக்கு 2003-லேயே வந்த கட்டாயம் இது. பிள்ளையை அனுப்பாத பெற்றோருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை என்கிறது சட்டம். திருத்தத்தை நான் குறை கூறவில்லை. ஆனால் பெற்றோருக்குக் கெடு வைத்த அரசு, கட்டித் தருவதாகச் சொன்ன இடைநிலைப்பள்ளிகளுக்கு ஏன் கெடு வைக்கவில்லை? தேர்தலுக்குத் தேர்தல் அறிவிப்பு வருகிறது, பள்ளிக்கென ஒதுக்கிய நிலத்தில் லாலான் புல் வளர்கிறது, கேட்டால் "பரிசீலனையில் உள்ளது" என்ற பதில் வருகிறது.

எங்கள் சிலாங்கூர் மாநிலத்தையே எடுத்துக்கொள்வோம். 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கே 54 லட்சம் பேருக்குச் சற்று மேல் இருந்தார்கள். 2020-இல் அது ஏறக்குறைய 70 லட்சம். பத்தே ஆண்டுகளில் ஒரு சிறிய மாநிலத்தின் மக்கள்தொகை அளவுக்குக் கூடியிருக்கிறது. வீடுகள் அதற்கேற்ப எழுந்தன, நெடுஞ்சாலைகளும் பேரங்காடிகளும் எழுந்தன. பள்ளிகள் பின்தங்கியதால்தான் காலை, மாலை என இரண்டு நேரப் பள்ளிமுறை இன்றும் நம்மை விட்டுப் போகவில்லை. பெரும்பாலும் படிவம் 1, 2 மாணவர்கள்தான் மாலையில் படிக்கிறார்கள். நெரிசலைச் சமாளிக்க கெபின் வகுப்பறைகளை வைக்கலாம் என்று ஒரு யோசனை உண்டு. ஒரு தவணைக்கு அது உதவும். ஆனால் இடைநிலைப்பள்ளி என்பது நான்கு சுவரும் பலகையும் மட்டுமல்ல. அறிவியல் கூடம் வேண்டும், பட்டறை வேண்டும், திடல் வேண்டும். கெபினில் இரசாயனம் கற்பிக்க முடியாது.

தமிழ் நாளேட்டில் இதை ஏன் எழுத வேண்டும், இடைநிலைப்பள்ளிகள் தேசியப் பள்ளிகள்தானே என்று சிலர் கேட்கக்கூடும். நம் சமூகத்தின் அக்கறை ஆறாம் ஆண்டோடு முடிந்துவிடுவதைத்தான் அந்தக் கேள்வி காட்டுகிறது. பிஜேஎஸ் 1, ஹீவூட், தாமான் கெலாடி தமிழ்ப்பள்ளிகள் தாமதமானபோது நாம் குரல் கொடுத்தோம், சரிதான். ஆனால் நாட்டின் மிகப் பெரிய தமிழ்ப்பள்ளிகளுள் ஒன்றான கிள்ளான் சிம்பாங் லீமாவிலிருந்து வெளியேறும் பிள்ளைகள் அடுத்து எங்கே போகிறார்கள்? பதினைந்து மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தேசியப் பள்ளியில் தமிழ் கற்பிக்க வசதி செய்து தர வேண்டும் என்பது 1996 கல்விச் சட்டம் தரும் உரிமை. காலை மாணவர்கள் எழுந்ததும் மாலை மாணவர்கள் வந்து உட்காரும் பள்ளியில் அந்த வகுப்புக்கு அறை ஏது? தமிழ்ப் பாடம் கால அட்டவணைக்கு வெளியே தள்ளப்படும், பேருந்துக்கு நேரமாகிவிடும், பெயர் கொடுத்த பதினைந்து பேர் ஏழாகக் குறைவார்கள். எஸ்.பி.எம். தேர்வில் தமிழ் எடுப்போர் குறைகிறார்கள் என்று மேடைதோறும் வருந்துகிறோம். அந்த வருத்தத்துக்கும் கட்டப்படாத கட்டடத்துக்கும் தொடர்பு உண்டு.

பணமில்லை என்பார்கள். 2025 வரவு செலவுத் திட்டத்தில் கல்வி அமைச்சுக்கு 6,410 கோடி ரிங்கிட் ஒதுக்கப்பட்டது. அதில் பெரும்பகுதி சம்பளத்துக்குப் போகிறது என்பது உண்மைதான். ஆனால் பணமில்லாதபோது அறிவிப்பு மட்டும் எப்படி வந்தது? பிறப்பு விகிதம் குறைகிறது, இப்போது கட்டினால் பின்னாளில் காலியாகக் கிடக்கும் என்பது இன்னொரு வாதம். நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் அது சரி. ஆனால் பிரிக்பீல்ட்ஸ் போன்ற பழைய பகுதிகளில் வாடகை கட்டுப்படியாகாமல் கிள்ளானுக்கும் காப்பாருக்கும் பூச்சோங்கிற்கும் குடிபெயர்ந்த இளம் குடும்பங்களின் பிள்ளைகள் இன்று அங்கேதான் படிவம் 1-இல் சேர வேண்டியிருக்கிறது. தேசிய சராசரி அவர்களுக்கு நாற்காலி போடாது. நிலம் மாற்றுவது, ஐந்தாண்டுத் திட்டத்தில் இடம் பெறுவது, குத்தகை, பொதுப்பணித் துறை, தகுதிச் சான்றிதழ் என்று படிகள் பல என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒவ்வொரு படியிலும் ஓர் அலுவலகம் மற்றோர் அலுவலகத்தைக் கைகாட்ட முடிகிறதே, அதுதான் நோய்.

மனம் வைத்தால் நடக்கும் என்பதற்குத் தலைநகரிலேயே சான்று இருக்கிறது. 1893-இல் தொடங்கிய புக்கிட் பிந்தாங் பெண்கள் பள்ளியின் நிலம் வணிகத்துக்குத் தேவைப்பட்டது. 2000-இல் மாணவிகள் செராஸில் புதிய கட்டடத்துக்கு மாறினார்கள். பழைய இடத்தில் இன்று பெவிலியன் நிற்கிறது. பேரங்காடிக்கு வழிவிட ஒரு பள்ளியைக் கட்டி முடிக்க முடிந்த நாட்டில், பிள்ளைகளுக்காகக் கட்ட முடியாது என்பதை ஏற்பதற்கில்லை. கட்ட முடியாவிட்டால் அதையாவது வெளிப்படையாகச் சொல்லலாம். இங்கிலாந்தில் 2010-இல் 700-க்கும் மேற்பட்ட பள்ளிக் கட்டுமானங்களை ரத்து செய்தபோது, அமைச்சர் மைக்கல் கோவ் பள்ளிகளின் பெயர்ப் பட்டியலை வெளியிட்டார். அதில் பிழைகள் இருந்தன. நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். சில ஊராட்சி மன்றங்கள் நீதிமன்றம் சென்று வென்றன. கெட்ட செய்திதான். ஆனாலும் பட்டியல் கையில் இருந்ததால் மக்களால் வாதாட முடிந்தது. நமக்கோ ரத்தா, தாமதமா என்பதுகூடத் தெரிவதில்லை.

எனவே, 2026 முதல் 2030 வரையிலான 13-ஆவது மலேசியத் திட்டத்தில் சிலாங்கூருக்கும் கோலாலம்பூருக்கும் வாக்குறுதி அளிக்கப்பட்ட ஒவ்வொரு இடைநிலைப்பள்ளிக்கும் நிலம் யார் பெயரில் உள்ளது, எவ்வளவு ஒதுக்கப்பட்டது, குத்தகையாளர் யார், எந்த மாதம் திறக்கப்படும் என்ற விவரங்களைக் கல்வி அமைச்சு வெளியிட்டு, மூன்று மாதத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் அடுத்த கூட்டத் தொடரிலேயே இதைக் கேள்வியாக எழுப்ப வேண்டுமென இக்கடிதத்தின் வழி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கிள்ளான்