நலம் விசாரிப்பதும் மருந்தே

வைத்தியசாலையிலிருந்து ஒருவர் வீடு திரும்புகிறார். சத்திரசிகிச்சை செய்துகொண்டவராயின், அன்று மாலையே அயலவர் தோடம்பழமும் மாப்பேணியுமாய் வந்து படலையைத் திறப்பர். தம் உயிரைத் தாமே மாய்க்க முயன்று தப்பியவராயின், அதே படலை அன்றே சாத்தப்படுகிறது. கேட்பவருக்குக் காய்ச்சல் என்று சொல்லப்படுகிறது. வீட்டினுள்ளும் பேச்சுக் குறைகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பு மாணவன் ஒருவன் இவ்வாறு திரும்பி வந்தான். அவன் மனம் நோகலாகாது என்று கருதி, நான் ஒன்றும் கேளாது பாடத்தை நடத்தினேன். ஏனைய ஆசிரியரும் அவ்வாறே செய்தனர். தவணை முடிவில் அவன் சொன்னான்: "சேர், ஒருவரும் என்னை ஏசவில்லை, ஒருவரும் என்னோடு கதைக்கவுமில்லை." நாம் கண்ணியம் என்று எண்ணிய மௌனம் அவனுக்குக் கைவிடுதலாகப் பட்டிருந்தது. அச்சொல் இன்றும் என்னை உறுத்துகின்றது.

வீடு திரும்பிய பின்வரும் முதற் சில கிழமைகளும் மாதங்களுமே இத்தகையோருக்கு மிகுந்த ஆபத்துள்ள காலம். உடல் தேறிவிட்டது, ஆயின் மனத்தை வருத்திய கடனோ, பிணக்கோ, பரீட்சைத் தோல்வியோ வீட்டிலே காத்திருக்கின்றது. அதனோடு வெட்கமும் சேர்ந்துகொள்கிறது.

உலக சுகாதார ஸ்தாபனம் நடத்திய ஆய்வொன்று 2008ஆம் ஆண்டில் வெளியாயிற்று. கொழும்பு, சென்னை, பிரேசிலின் கம்பினாஸ், ஈரானின் கரஜ், சீனாவின் யுன்செங் ஆகிய 5 இடங்களில், இவ்வாறு முயன்று தப்பிய 1,867 பேர் அதிற் சேர்க்கப்பட்டனர். ஒரு பகுதியினர் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றனர். மற்றப் பகுதியினரோடு, வைத்தியசாலையை விட்டுச் செல்லும் வேளையில், ஒருவர் ஏறத்தாழ 1 மணி நேரம் அமர்ந்து பேசினார். பின்னர் 18 மாதங்களில் 9 தடவை, தொலைபேசியிலோ நேரிலோ அவர்கள் நலம் விசாரிக்கப்பட்டது. முதல் மூன்று மாதங்களுக்குள்ளேயே 5 தடவை. முடிவில், முதற் பகுதியினருள் 18 பேர் தற்கொலையால் இறந்திருந்தனர். மற்றப் பகுதியினருள் 2 பேர் மாத்திரமே. பின்வந்த ஆய்வுகளெல்லாம் இத்துணை பெரும் வேறுபாட்டைக் காட்டவில்லை. எனினும், மறவாது விசாரிப்பது வீண்செயல் அன்று என்பது தெளிவு.

குடும்பத்தார் செய்யக்கூடியவை சில உள. ஏன் செய்தாய் என்று விசாரணை நடத்தாது, இப்பொழுது எப்படியிருக்கிறது என்று கேட்டுப் பொறுமையோடு செவிசாய்க்க வேண்டும். மீண்டும் அவ்வெண்ணம் வருகின்றதா என்று நேரே வினவலாம். வினவுவதால் அவ்வெண்ணம் புதிதாய் முளைக்காது. ஆபத்து விளைக்கக்கூடியவற்றை வீட்டிலிருந்து அகற்ற வேண்டும்; இயலாவிடின் பூட்டி வைக்க வேண்டும். வைத்தியர் குறித்த அடுத்த திகதிக்கு ஒருவர் உடன் செல்ல வேண்டும்.

பொலீசுக்கு அஞ்சிச் சிகிச்சையை மறைப்போரும் உளர். இலங்கையில் தற்கொலை முயற்சி 1998ஆம் ஆண்டு முதற் குற்றமன்று. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கமும், 1974இல் தொடங்கப்பெற்ற சுமித்ரயோ அமைப்பும் மனம் நொந்தோருக்குச் செவிகொடுக்கின்றன.

அந்த மாணவன் இன்று நலமாக உழைத்து வாழ்கிறான். அது ஆசிரியராகிய எமது பெருமையன்று. அவனுடைய அம்மான் ஞாயிறுதோறும் சைக்கிளில் வந்து, அரைமணி நேரம் திண்ணையிலிருந்து அவனோடு கதைத்துப் போவாராம். புத்திமதி ஒன்றும் சொல்வதில்லையாம். எழுந்து போகும்போது, "வாற கிழமையும் வருவன்" என்பாராம். ஒரு கிழமையேனும் அவர் அச்சொல்லைப் பொய்யாக்கவில்லை.