மிதிவண்டிக்கு வழி சொல்லாத மாநகரம்

சென்னை கத்திப்பாராவில் அண்ணா சாலை, ஜி.எஸ்.டி. சாலை, உள்வட்டச் சாலை, பரங்கிமலை–பூந்தமல்லி சாலை ஆகிய நான்கும் கூடுகின்றன. 2008-ஆம் ஆண்டு முதல் மேம்பாலச் சுருள்கள் அவற்றை இணைக்கின்றன. மோட்டார் வண்டியில் வருவோருக்குத் தொலைவிலிருந்தே தெரியும் பெரிய எழுத்துகளில் பலகைகள் வழி சொல்கின்றன. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர் ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடுகிறார். ஆகவே பலகை பெரிதாகவும் திருப்பத்துக்கு வெகு முன்பாகவும் இருந்தாக வேண்டும். இந்தக் கணக்கில் குறை காண ஏதுமில்லை. ஆனால் அதே சந்திப்பின் தரைமட்டத்தில், ஆலந்தூரிலிருந்து கிண்டித் தொழிற்பேட்டைக்கு வேலைக்குச் செல்லும் ஒருவர் மிதிவண்டியை நிறுத்தி நாற்புறமும் பார்க்கிறார். அவருக்கென்று எழுதப்பட்ட பலகை எதையும் காணோம்.

நம் சாலைக் குறியீடுகளில் மிதிவண்டியின் உருவமே இல்லை என்று கூறிவிட முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அது இடம்பெற்றிருக்கிறது. நீல வட்டத்துக்குள் இருந்தால் அது மிதிவண்டித் தடம். முக்கோணத்துக்குள் இருந்தால் எச்சரிக்கை. சிவப்பு விளிம்பிட்ட வட்டத்துக்குள் இருந்தால் தடை. இவற்றுள் நீல வட்டத்தை நகரவாசி அரிதாகவே காண்கிறார். தடைப்பலகையைத்தான் மேம்பால வாயில்களில் அடிக்கடி காண்கிறார். கொல்கத்தாவிலோ 2013-ஆம் ஆண்டு 170-க்கும் மேற்பட்ட சாலைகளில் மிதிவண்டிக்குத் தடை விதித்து, அந்தச் சிவப்பு வட்டத்தையே நகரின் பொதுக் கொள்கையாக்கினார்கள்.

மேம்பாலத்தில் மிதிவண்டிக்குத் தடை கூடாது என்று நாம் வாதிடவில்லை. ஏற்றத்தில் மூச்சிரைக்க மிதித்து, இறக்கத்தில் பேருந்துகளுக்கு நடுவே சிக்கிக்கொள்வது உயிருக்கு உலைவைக்கும் செயல். ஆயினும் ‘இவ்வழி வராதே’ என்று ஆணையிடும் அரசு, ‘அவ்வழி போ’ என்பதையும் அதே கம்பத்தில் எழுதிவைக்கக் கடமைப்பட்டது. மெட்ரோ பணிக்காகச் சாலைகளை அடைத்துவிட்டு நடப்படும் மாற்றுப்பாதைப் பலகைகளிலும் இதே குறைதான். காரில் செல்பவருக்கு இரண்டு கிலோமீட்டர் சுற்று என்பது சில நிமிடச் சலிப்பு. இருபது லிட்டர் தண்ணீர்க் கேன்களைக் கட்டிக்கொண்டு மிதிப்பவருக்கு அது ஒரு நடையின் கூலி.

மிதிவண்டி என்றதும் விடியற்காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தலைக்கவசத்தோடு விரையும் குழுக்களையே நாளிதழ்கள் படம் பிடிக்கின்றன. அவர்களுக்கு வழி தெரியும்; தெரியாவிட்டாலும் கருவி சொல்லும். பால் உறைகளும் செய்தித்தாள்களும் சுமந்து செல்வோர், தேநீர்க் கலனோடு கட்டுமானத் தளங்களைச் சுற்றுவோர், இரவுக் காவல் முடித்துத் திரும்பும் முதியவர்கள், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிழைக்க வந்து பழைய வண்டியொன்றை வாங்கிக்கொண்ட இளைஞர்கள் ஆகியோரே நாள் முழுதும் மிதிப்பவர்கள். அவர்களோடு மாணவர்களும் உண்டு. மேல்நிலை வகுப்பில் சேரும் லட்சக்கணக்கான பிள்ளைகளுக்குத் தமிழ்நாடு அரசு விலையில்லா மிதிவண்டி வழங்கிவருகிறது. வண்டியைக் கொடுத்த கை வழியைக் காட்ட மறந்துவிட்டது.

கைப்பேசியில் வரைபடம் இருக்கும்போது பலகை எதற்கு என்பார்கள். ஒரு கையில் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் வண்டி ஓட்டுவது நம் சாலைகளில் நடக்கக்கூடிய காரியமா என்பது ஒருபுறமிருக்க, அந்த வரைபடம் பெரும்பாலும் மோட்டார் வண்டியின் வழியையே காட்டி, விலக்கப்பட்ட மேம்பாலத்தின் அடிவாரத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது.

நெதர்லாந்தில் 1883-ஆம் ஆண்டு மிதிவண்டியாளர் சங்கமாகத் தோன்றிய ஏ.என்.டபிள்யூ.பி. என்னும் அமைப்பு, அந்த நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே சாலையோரங்களில் வழிகாட்டிக் கம்பங்களை நடத் தொடங்கிவிட்டது. இன்று அந்நாட்டில் மோட்டார் வண்டிக்கு நீலப் பலகையில் வெள்ளை எழுத்து; மிதிவண்டிக்கு வெள்ளைப் பலகையில் சிவப்பு எழுத்து. நேர்வழியை விடுத்து மரங்களும் நீர்நிலைகளும் சூழ்ந்த பாதையில் போக விரும்புவோருக்குப் பச்சை எழுத்து. நெடுஞ்சாலை வேறாகவும் மிதிவண்டி வழி வேறாகவும் பிரியுமிடத்தில் எந்தப் பலகை தனக்குரியது என்று ஓட்டுபவர் ஒரு கணமும் தயங்குவதில்லை.

இதனினும் நமக்குப் பயன்படுவது பெல்ஜியத்தின் லிம்பர்க் மாகாணத்தில் 1995-இல் நடைமுறைக்கு வந்த முறை. ஹ்யூகோ போலன் என்னும் சுரங்கப் பொறியாளர் வகுத்தது அது. ஊர்ப்பெயர்களை நம்பாமல், வழிகள் கூடும் ஒவ்வொரு சந்திப்புக்கும் ஓர் எண் கொடுத்தார். பயணி புறப்படும்முன் தான் கடக்க வேண்டிய நான்கைந்து எண்களைத் தாளில் குறித்துக்கொண்டால் போதும். ஒவ்வொரு சந்திப்பிலும் அடுத்த எண்ணுக்கு எந்தப் பக்கம் திரும்புவது என்று அம்புக்குறி சொல்லிவிடும். பின்னர் பெல்ஜியத்தின் பிற பகுதிகளுக்கும் நெதர்லாந்துக்கும் இம்முறை பரவியது.

எண்ணை நம்பிப் பயணம் செய்வது சென்னைக்குப் புதிதன்று. பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகருக்குப் போகும் மூதாட்டி பலகையில் ஊர்ப்பெயரைத் தேடுவதில்லை. 29சி வருகிறதா என்றுதான் பார்க்கிறார். தமிழும் ஆங்கிலமும் வாசிக்க இயலாத வெளிமாநிலத் தொழிலாளிக்கும் எண் விளங்கும். இரு மொழிகளில் நீண்ட பெயர்களை எழுதினால் சிறு பலகையில் எழுத்து நுணுகிப்போகும். எண்ணுக்கு அந்த இடர்ப்பாடும் இல்லை.

எங்கே தொடங்குவது? இந்நகரில் மிதிவண்டியாளரின் தலையாய கேள்வி, எந்த இடத்தில் குறுக்கே கடப்பது என்பதே. அடையாறு, கூவம், பக்கிங்காம் கால்வாய், தொடர்வண்டிப் பாதைகள் ஆகியவை நகரைத் துண்டுதுண்டாக வெட்டிவைத்திருக்கின்றன. சைதாப்பேட்டையில் மறைமலையடிகள் பாலத்தின் நெரிசலுக்கு அஞ்சும் ஒருவர், சற்றுக் கிழக்கே கோட்டூர்புரம் பாலம் இருப்பதை அறிந்திருக்க வேண்டும். மேற்கு மாம்பலத்திலிருந்து தியாகராய நகருக்கு வருபவர் துரைசாமி சுரங்கப்பாதையையோ அரங்கநாதன் சுரங்கப்பாதையையோ உட்தெருக்கள் வழியே சென்றடைய வேண்டும். ஆதலின் பாலங்களுக்கும் சுரங்கப்பாதைகளுக்கும் முதலில் எண் கொடுங்கள்; அவற்றுக்கு இட்டுச்செல்லும் அமைதியான தெருக்களில் பலகை நடுங்கள். கண் மட்டத்தில் ஒரு சாண் அகலத் தகடு போதும். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர் நொடிக்கு நான்கு மீட்டரே கடக்கிறார், நிதானமாக வாசிப்பார். திருப்பத்துக்கு முன் ஒன்று, திருப்பத்தில் ஒன்று, சரியாகத்தான் வந்திருக்கிறோம் என்று உறுதிசெய்யத் திரும்பிய பின் ஒன்று என மூன்று வேண்டும். மூன்றாவதைத்தான் அதிகாரிகள் வழக்கமாக வீண்செலவு என்று வெட்டிவிடுவார்கள்.

ஓர் எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. லண்டன் மாநகரம் 2010 முதல் மிதிவண்டிப் பெருவழிகள் என்ற பெயரில் சாலைகளில் நீல வண்ணம் பூசி, எண்ணும் பெயரும் இட்டது. பல இடங்களில் அந்த நீலத்துக்கும் லாரிகளுக்கும் இடையே தடுப்பு எதுவும் இல்லை. அவ்வழியில் நேர்ந்த உயிரிழப்புகளை விசாரித்த மரண விசாரணை அதிகாரி 2013-இல், நீல வண்ணம் மிதிவண்டியாளருக்குப் பொய்யான பாதுகாப்புணர்வைத் தந்துவிடுகிறது என்று எச்சரித்தார். அதன் பின்னரே தடுப்பிட்ட தனித்தடங்கள் அங்கே வேகம்பெற்றன. வழிகாட்டிப் பலகை என்பது அரசின் வாக்கு. பலகையை நம்பித் திரும்பியவரை விரைவுச் சாலையின் நடுவே கொண்டுபோய்விட்டால், பலகையே இல்லாதிருப்பது மேல்.

சென்னை மாநகராட்சி இயந்திரமில்லாப் போக்குவரத்துக்கென ஒரு கொள்கையை 2014-லேயே ஏற்றது. இந்திய நகரங்களுள் இதில் அதுவே முன்னோடி என்று பாராட்டவும் பெற்றது. கொள்கை ஏட்டில் இருக்கிறது. தெருவிலோ, ஒரு சாலை மாநகராட்சியுடையது, அடுத்தது மாநில நெடுஞ்சாலைத் துறையுடையது, அதற்கடுத்தது தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துடையது. கம்பத்தில் எதை மாட்டுவது என்பதில் போக்குவரத்துக் காவல்துறைக்கும் சொல் உண்டு. மிதிவண்டியின் வழி இவ்வெல்லைகளை அறியாது. இத்தகைய சிக்கலைத் தீர்ப்பதற்கென்றே 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் உருவாக்கப்பட்டது. பலகைகளின் வடிவம், நிறம், எண்முறை அனைத்தையும் அக்குழுமமே வகுத்து, நடும் பொறுப்பையும் பேணும் பொறுப்பையும் ஏற்கட்டும்.

பேணுவது நடுவதைவிடக் கடினம். நம் தெருப்பெயர்ப் பலகைகளின் கதியைப் பாருங்கள்: பூப்புனித நீராட்டு விழாவும் கண்ணீர் அஞ்சலியும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டப்பட்டு, தெருவின் பெயரில் கடைசி இரண்டெழுத்தே எஞ்சி நிற்கின்றன. நெதர்லாந்தின் காட்டுப்பாதைகளில் காளான் வடிவில் நிற்கும் குட்டையான வழிகாட்டிகள் ஒவ்வொன்றுக்கும் தனி எண் உண்டு. வழி தவறியவரும் அடிபட்டவரும் அந்த எண்ணைக் கூறினால் இடம் தெரிந்துவிடும். இங்கும் ஒவ்வொரு கம்பத்திலும் அதற்குரிய எண்ணும், அது சாய்ந்தாலோ மறைக்கப்பட்டாலோ தெரிவிக்க ஒரு தொலைபேசி எண்ணும் பொறிக்கப்பட வேண்டும். வந்த புகார்களையும் சரிசெய்த நாளையும் மாதந்தோறும் குழுமம் வெளியிட வேண்டும். அடுத்த நிதியாண்டுக்குள் அடையாற்றுப் பாலங்களிலேனும் இதைச் செய்து காட்டுவோம் என்று உரிய அமைச்சர் சட்டப்பேரவையில் அறிவிக்கட்டும்.