மேடைப் பேச்சும் ஜெயில் கதவும்

திருத்தணி மலைக்கு 365 படி. உச்சியில் நின்றால், வடக்கே சிறிது தூரத்தில் ஆந்திர எல்லை.

இந்த ஊர் சும்மா நம்மிடம் வந்துவிடவில்லை. 1953-ல் ஆந்திர மாநிலம் பிறந்தது. சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் அங்கே போயிற்று. அதற்கு முன்பும் பின்பும் ம.பொ.சி.யும் தமிழரசுக் கழகத்தாரும் மேடை மேடையாகப் பேசினார்கள். தடை வந்தது. மீறினார்கள். சிறைக்குப் போனார்கள். 1960 ஏப்ரல் 1-ந் தேதி திருத்தணி நம்மோடு சேர்ந்தது.

பேச்சு மீட்டுத் தந்த ஊர் இது!

பேசும் உரிமையை அரசியல் சட்டத்தின் 19-வது பிரிவு தருகிறது. பேசியவரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனால்? அதற்கு 22-வது பிரிவு இருக்கிறது. கைதுக்குக் காரணம் சொல்ல வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். வக்கீல் வைத்துக்கொள்ள விட வேண்டும். பேச்சுரிமை, நேர்மையான விசாரணை இரண்டையும் ஐ.நா. ஒப்பந்தமும் சொல்கிறது. 1979-ல் இந்தியா அதில் சேர்ந்தது.

ஏட்டில் எல்லாம் சரி. நடந்தது என்ன?

2002 ஜூன் 29. மதுரை அருகே திருமங்கலத்தில் பொதுக்கூட்டம். வைகோ விடுதலைப் புலிகளை ஆதரித்துப் பேசினார். ஜூலையில் 'பொடா' சட்டத்தில் கைது. சுமார் 19 மாதம் சிறைவாசம். அவர் கையில் துப்பாக்கி இல்லை. வெடிகுண்டு இல்லை. வழக்கே பேச்சுதான்! (ஜாமீன் கேட்கமாட்டேன் என்று முதலில் அவரே பிடிவாதமாக இருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.)

2003 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு ஒரு விளக்கம் தந்தது. 'பொடா' செல்லும், ஆனால் பயங்கரவாதத்துக்கு உதவும் நோக்கம் இல்லாத வெறும் ஆதரவுப் பேச்சு அதில் குற்றம் ஆகாது என்றது. அதற்குள் அவர் உள்ளே போய் 17 மாதம் ஆகியிருந்தது.

இதில் ஒரு வேடிக்கை. அந்தச் சட்டத்தைப் பாராளுமன்றத்தில் ஆதரித்தவர்களில் வைகோவும் ஒருவர்!

'பொடா' 2004-ல் ஒழிந்தது. அதன் குணம் ஒழியவில்லை. 'உபா' சட்டத்தில் குடியேறிவிட்டது. சாதாரண வழக்கில் 60 அல்லது 90 நாளில் குற்றப்பத்திரிகை வர வேண்டும். 'உபா'வில் 180 நாள் வரை இழுக்கலாம். புகார் மேலோட்டமாக உண்மைபோலத் தெரிந்தாலே ஜாமீன் கூடாது என்கிறது 43டி பிரிவு.

குண்டு வைத்தவனை விட்டுவிடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. விசாரியுங்கள், தண்டியுங்கள். ஆனால் பேசியவரை விசாரணைக்கு முன்பே ஆண்டுக்கணக்கில் பூட்டி வைக்கலாமா? கடைசியில் 'குற்றவாளி அல்ல' என்று தீர்ப்பு வந்தால், போன ஆண்டுகளை யார் தருவார்? அதுவரை அவர் வீட்டில் அடுப்பு எரிந்ததா என்று யார் கேட்டார்?

பேச்சு மட்டுமே வழக்கு என்றால் 43டி பிரிவின் ஜாமீன் தடை பொருந்தாது என்று பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்த வேண்டும்.