வெள்ளத்தில் வீரர், வெயிலில் பயனாளி

2015 டிசம்பர் தொடக்கத்தில் அடையாறு கரைமீறியபோது, சென்னையின் மீனவக் குப்பங்களிலிருந்து ஃபைபர் படகுகள் லாரிகளில் ஏறி நகருக்குள் வந்தன. மொட்டைமாடிகளில் மாட்டிக்கொண்டவர்களை முதலில் எட்டிய கைகளில் பல, வலை இழுத்துக் காய்த்துப்போனவை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் தாக்கியபோது அரசே மீனவர்களைப் படகோடு வரவழைத்தது. தண்ணீர் வடிந்ததும் பொன்னாடை, பாராட்டு, ‘கடலின் மைந்தர்கள்’ என்ற பட்டம். அதோடு சரி. வெயில் ஏறியதும் அதே மனிதர்கள் நிவாரணப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று விசாரிக்கும் பயனாளிகள் ஆகிவிடுகிறார்கள். சாதாரண மக்கள் தங்கள் வாழ்வுக்கு ஒரு பொருளைத் தேடிக்கொள்ள வேண்டும், உழைப்பும் தொண்டும் அதைத் தரும் என்று மேடைக்கு மேடை பேசப்படுகிறது. வடசென்னையில் காசிமேடு முதல் எண்ணூர் வரையிலான கரையைப் பார்த்தால், உழைப்புக்கோ தொண்டுள்ளத்துக்கோ அங்கே பஞ்சம் இருப்பதாகத் தெரியவில்லை. ஆபத்து நேரத்தில் வெளிப்படும் திறனை ஆண்டு முழுவதும் மதிப்புள்ள வேலையாக, பயிற்சியாக, பொறுப்பாக மாற்றித்தரும் ஏற்பாடுதான் இல்லை.

அந்தத் திறன் என்ன என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். ‘துணிச்சல்’ என்ற ஒரு சொல்லைப் போட்டு அதை மூடிவிடுவது நமக்குப் பழக்கமாகிவிட்டது. வெள்ளம் நிற்கும் தெருவில் படகு ஓட்டுவது கடலில் ஓட்டுவதைவிடச் சில விதங்களில் கடினம். அடியில் சுற்றுச்சுவர், நிறுத்தி வைத்த கார், அறுந்து கிடக்கும் கேபிள் எல்லாம் இருக்கும். எஞ்சினின் விசிறி எதில் சிக்கினாலும் படகு அங்கேயே நின்றுவிடும். தெருமுனையில் இரண்டு பக்கத்து நீரும் சேரும் இடத்தில் இழுப்பு மாறும். எஞ்சினை எப்போது அணைத்துக் கழியால் ஊன்ற வேண்டும், பயந்துபோன முதியவரை எந்தப் பக்கம் உட்கார வைத்தால் படகு சாயாது என்பதையெல்லாம் நொடியில் முடிவுசெய்ய வேண்டும். கரையோரத்தில் அலை உடையும் இடத்தைத் தாண்டிப் பழகியவர்களுக்கு அது கையிலேயே இருக்கிறது. காசிமேட்டில் விடிவதற்கு முன்பே தொடங்கும் ஏலத்தையும் சேர்த்துப் பாருங்கள். டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு எல்லாம் கழித்து, மிச்சத்தைப் படகுக்காரருக்கும் தொழிலாளிகளுக்கும் பங்கு பிரிக்கும் கணக்கு அங்கே நாள்தோறும் நடக்கிறது. கூடைக்கு விலை சொல்லி எடுத்து, தெருத்தெருவாக விற்று, கடனையும் அடைக்கும் பெண்களின் கணக்கு இன்னும் நுட்பமானது. இதில் எதற்கும் சான்றிதழ் கிடையாது. சான்றிதழ் இல்லாத காரணத்தால் அரசின் ஏட்டில் இவர்கள் ‘திறன் பெறாத தொழிலாளர்’ வகையில் விழுகிறார்கள்.

விளைவு என்ன என்பதை எண்ணெய்க் கசிவுகள் காட்டின. 2017 ஜனவரி 28 விடிகாலையில் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரு கப்பல்கள் மோதின. கசிவு பெரிதல்ல என்றே முதலில் சொல்லப்பட்டது. சில நாட்களில் எர்ணாவூர்க் கரையில் எண்ணெய் கறுப்புக் கூழாகத் திரண்டு நின்றது. உறிஞ்சு லாரிகள் திணறிய இடத்தில் மாணவர்களும் மீனவர்களும் தன்னார்வலர்களும் வரிசையில் நின்று வாளி வாளியாக அள்ளினார்கள். நாடு அந்தப் படங்களைப் பார்த்து நெகிழ்ந்தது. ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் கழித்து, 2023 டிசம்பர் வெள்ளத்தோடு மணலி சென்னை பெட்ரோலிய நிறுவன வளாகத்திலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்துக்கு வந்தது. இந்த முறையும் படகில் போய்க் குவளையிலும் டிரம்மிலும் வழித்தெடுத்தவர்கள் உள்ளூர் மீனவர்கள். கூலி உண்டு, போதிய கையுறையும் முகக்கவசமும் இல்லை என்ற புகாரும் உடனே எழுந்தது. பிறகு 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா ₹12,500, 787 படகுகளுக்குத் தலா ₹10,000 என்று அரசு நிவாரணம் அறிவித்தது. நிவாரணம் தேவைதான். ஆனால் முதல் கசிவுக்கும் இரண்டாவதற்கும் இடையே கிடைத்த ஏறத்தாழ ஏழு ஆண்டுகளில், இந்தக் கரையிலேயே உபகரணமும் பயிற்சியும் பெற்ற ஒரு துப்புரவுப் படை எழும்பியிருக்கலாம். சுத்திகரிப்பு ஆலையும் இரண்டு மூன்று துறைமுகங்களும் அனல்மின் நிலையங்களும் சூழ்ந்த இடத்தில் அந்தப் படைக்கு ஆண்டு முழுவதும் வேலை இருக்கும். 2017இல் வாளி தூக்கியவர்களின் பட்டியலாவது யாரிடமும் இருந்ததா?

வேலை இல்லாதவர்கள் தொண்டு செய்யட்டுமே, மனநிறைவு கிடைக்கும் என்பார்கள் சிலர். இது நடைமுறைக்கு ஒவ்வாது என்று 90 ஆண்டுகளுக்கு முன்பே ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. ஆஸ்திரியாவின் மரியன்தால் என்ற ஊரில் நூற்பாலை மூடப்பட்டபின் மரீ யஹோதாவும் அவருடைய கூட்டாளிகளும் அங்கே செய்த ஆய்வு 1933இல் வெளிவந்தது. வேலை போனதால் கையில் நேரம் கூடியிருந்தும், நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்தது. சங்கங்களிலும் பொது வேலைகளிலும் ஈடுபாடு வாடியது. வேலை கூலியை மட்டும் தருவதில்லை. நாளுக்கு ஓர் ஒழுங்கு, நாலு பேரோடு பழக்கம், ஊரில் ஒரு மதிப்பு, தன்னைத் தாண்டிய ஒன்றில் பங்கு ஆகியவற்றையும் தருகிறது என்று யஹோதா பின்னாளில் எழுதினார். ஆக, தொண்டு வேலைக்கு மாற்று ஆகாது. நிலையான வேலையின் தோளில் ஏறித்தான் அது நிற்கிறது. மறுநாள் கடலுக்குப் போனால் பிழைத்துக்கொள்ளலாம் என்ற தெம்பு உள்ளவரால்தான் இன்றைக்குப் படகை ஊருக்குக் கொடுக்க முடிகிறது.

பெண்கள் விஷயத்தில், தொண்டை வேலைக்கு மாற்றாகப் பார்க்கும் இந்தக் குழப்பம் இன்னும் ஆழம். கொரோனாவில் விடுபட்ட படிப்பை ஈடுகட்டும் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டம் 2021 அக்டோபர் 27 அன்று மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில், அதாவது ஒரு கடற்கரைக் கிராமத்தில், தொடங்கப்பட்டது. ஏறத்தாழ இரண்டு லட்சம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் படித்துவிட்டு வீட்டில் இருந்த பெண்கள், மாதம் ₹1,000 ஊக்கத்தொகைக்கு மாலை நேரங்களில் பாடம் சொல்லித்தந்தார்கள். ‘டீச்சர்’ என்று தெருவே கூப்பிட்டது அவர்களுக்குப் பெரிய விஷயம். அதைக் குறைத்து மதிப்பிட யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் பள்ளி வழக்கத்துக்குத் திரும்பியதும் திட்டம் சுருங்கியது. அந்த அனுபவத்தை ஆசிரியப் பயிற்சிக்கோ அங்கன்வாடிப் பணிக்கோ தகுதியாக மாற்ற நிலையான வழி அமையவில்லை. 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை முன் 13 நாட்கள் உட்கார்ந்து போராடியதும் இதே கதையின் இன்னொரு அத்தியாயம்தான். நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் வழியாகச் சேர்க்கப்பட்டு ஆண்டுக்கணக்கில் தெருவைக் கூட்டியவர்கள் அவர்கள். கொரோனா காலத்தில் ‘முன்களப் பணியாளர்’ என்று கும்பிட்ட நகரம், பணி தனியாருக்குப் போனால் சம்பளம் குறையும் என்று அவர்கள் சொன்னபோது அதே கவனத்தோடு கேட்கவில்லை.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். பணமும் பதவியும் புகுந்தால் தொண்டின் தூய்மை கெட்டுவிடாதா? ரத்த தானம் பற்றி ரிச்சர்டு டிட்மஸ் 1970இல் எழுதிய நூலின் வாதமே இதுதான். எளிதில் தள்ளிவிடக் கூடியது அல்ல. 2018 கேரள வெள்ளத்தில் 669 படகுகளில் போன 4,500க்கும் மேற்பட்ட மீனவர்கள் சுமார் 65,000 பேரை மீட்டார்கள் என்பது அங்கே சொல்லப்படும் கணக்கு. படகுக்கு நாளொன்றுக்கு ₹3,000 என்று அரசு அறிவித்ததும், உயிர் காத்ததற்குக் கூலி வேண்டாம் என்று மீனவர்கள் சிலர் வெளிப்படையாகவே மறுத்தார்கள். ஆனால் சேதமான படகைச் சரிசெய்து தருவதை அவர்கள் அவமானமாகப் பார்க்கவில்லை. அவர்கள் மறுத்தது விலையை. பொறுப்பைப் பகிர்ந்துகொள்வதை அல்ல. 1824 முதல் இயங்கும் பிரிட்டனின் அரச தேசிய உயிர்மீட்புப் படகு நிறுவனத்தையும் பாருங்கள். படகோடிகளில் பெரும்பாலோர் இன்றும் தன்னார்வலர்கள்தான். படகு, எரிபொருள், பாதுகாப்பு உடை, தொடர்ந்த பயிற்சி அனைத்தும் நிறுவனத்தின் செலவு. தன்னார்வலர் தன் உயிரைப் பணயம் வைக்கலாம். கூடவே தன் பிழைப்புக்கான படகையும் கடன் வாங்கிய டீசலையும் பணயம் வைக்கச் சொல்வது நியாயமில்லை.

உதவிய எல்லோருக்கும் அரசு வேலை தர முடியுமா என்பது அடுத்த கேள்வி. முடியாது, யாரும் கேட்கவும் இல்லை. துண்டு துண்டாக ஏற்பாடுகள் ஏற்கெனவே உண்டு. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் ‘ஆப்தமித்ரா’ திட்டத்தில் 12 நாள் பயிற்சியும் மீட்புக் கருவிப் பையும் காப்பீடும் தரப்பட்டன. கடலோரப் பாதுகாப்புக் குழுமம் மீனவ இளைஞர்களை ஊர்க்காவல் படையில் சேர்க்கிறது. மீனவர் பிள்ளைகள் கடற்படையிலும் கடலோரக் காவல் படையிலும் சேர மூன்று மாதப் பயிற்சியும் நடத்துகிறது. கடைசியாகச் சொன்னது நல்ல திட்டம்தான், ஆனால் பிளஸ் டூவில் கணக்கும் இயற்பியலும் படித்த, வயது வரம்புக்குள் இருக்கிற பையனுக்குத்தான் அந்தக் கதவு திறக்கும். எட்டாம் வகுப்போடு கடலுக்குப் போய், முப்பத்தைந்து வயதில் முகத்துவாரத்தை விரல் நுனியில் வைத்திருக்கும் ஆளுக்கு எந்தக் கதவும் இல்லை. கேரளம் ஒக்கி புயலுக்குப் பின் மீனவக் குடும்பத்தினரைக் கடலோரக் காவல் வார்டன்களாக எடுத்தது. அனுபவத்தையே தகுதியாகக் கொள்ளும் அந்தப் போக்கு இங்கேயும் வர வேண்டும்.

மூன்றாவது மறுப்பு குப்பத்துக்குள்ளிருந்தே வருவது. வேறு வாய்ப்பு கிடைத்தால் பிள்ளைகள் தொழிலை விட்டுவிடுவார்கள், கரையும் கைவிட்டுப் போகும் என்ற பெரியவர்களின் அச்சம் அது. துறைமுகமும் தொழிற்சாலையும் கடற்கரையைத் தின்றதைப் பார்த்தவர்கள் என்பதால் அதில் நியாயம் உண்டு. ஆனாலும் பிள்ளையைத் தொழிலில் கட்டிவைப்பதால் கரை காப்பாற்றப்படாது. விட்டுப்போகவும் தங்கவும் இரண்டு வழியும் திறந்திருந்து, அவன் தங்குவதென்று முடிவெடுத்தால்தான் அது அவனுடைய தொழில். அப்படி வழி திறக்க என்ன வேண்டும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகரிலிருந்து 2024இல் அமெரிக்கா போய் கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்று வந்த காசிமா, ஆட்டோ ஓட்டுநரின் மகள். அரசு ₹1 கோடி பரிசு தந்தது, மகிழ்ச்சி. அந்தப் பதக்கத்துக்குப் பின்னால் இருந்தது, தந்தையே தெருப்பிள்ளைகளுக்கு நடத்திய எளிய பயிற்சி மையம். நாள்தோறும் திறந்திருக்கும் அப்படியோர் இடம்தான் அரிது; பரிசு வழங்கும் விழாவை யாரும் நடத்திவிடலாம்.

செய்ய வேண்டியது பெரிய செலவுள்ள காரியம் இல்லை. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. காசிமேட்டில் வலையும் எஞ்சினும் பழுது பார்த்த நேரம் போக ஆட்கள் கரையில் இருக்கும் காலம் அது. ஆந்திரத்திலிருந்து வந்து வேலை செய்பவர்கள் ஊர் திரும்பிவிடுவார்கள், உள்ளூர்க்காரர்கள் இருப்பார்கள். இந்த இரண்டு மாதத்தில் வெள்ள மீட்பு, முதலுதவி, எண்ணெய்க் கசிவுத் தடுப்பு ஆகியவற்றில் பயிற்சியும் சான்றிதழும் கொடுக்கலாம். மீன் வெட்டும், விற்கும் பெண்களையும் நிவாரண முகாம் நிர்வாகத்துக்கும் கணக்குக்கும் சேர்க்கலாம். பயிற்சி பெற்றவர்களின் பதிவேடு, அழைக்கும் நாளுக்கு நாள்படி, ஆளுக்கும் படகுக்கும் காப்பீடு ஆகிய மூன்றும் அதோடு வர வேண்டும். எண்ணெயைக் கையாளும் நிறுவனங்கள் அதன் செலவில் பங்கு ஏற்பது, ஆபத்தை உண்டாக்குபவர் அதன் சுமையையும் தாங்க வேண்டும் என்ற பொது நியாயத்தின்படி சரியானதே. தடைக்காலம் முடிந்து வடகிழக்குப் பருவமழை தொடங்க நான்கு மாதங்கள் இருக்கும். வரும் தடைக்காலத்திலேயே முதல் வகுப்பைக் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் நடத்த மீன்வளத் துறையும் மாநகராட்சியும் ஒரே மேசையில் உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டும்.