கபடியை மியூட் செய்தவர்கள்

2014இல் புரோ கபடி லீக் வந்த பிறகுதான் கபடிக்காரர்களுக்குக் காசும் பெயரும் கிடைத்தன. 2022 ஏலத்தில் பவன் செஹ்ராவத்துக்குத் தமிழ் தலைவாஸ் கொடுத்தது 2 கோடியே 26 லட்சம். நல்ல விஷயம். என் சண்டை ஒளிபரப்போடு.

பாடிக்கொண்டே போகணும், பாடிக்கொண்டே திரும்பணும், எதிரணிக் களத்தில் பாட்டு அறுந்தால் அவுட். கபடியின் உயிரே இந்த விதிதான். இன்றும் அது இருக்கிறது. ஆனால் டிவியில் பெரும்பாலும் நமக்குக் கேட்பது வர்ணனையாளரின் கத்தலும் டிஜே சத்தமும்தான். மூச்சுக்குப் பதிலாகத் திரையில் 30 விநாடிக் கடிகாரம்!

திருவாலங்காடு பக்கத்து ஊர்த் திருவிழா ஆட்டத்தில் போய் நின்று பாருங்கள். பாட்டு லேசாகத் தேயும்போதே பிடிக்கிறவன் தயாராகிடுவான். கூட்டமும் சேர்ந்து மூச்சடக்கும்.

நான் சாஃப்ட்வேர்காரன். டாஷ்போர்டில் எண்ணாக வருவதுதான் நிஜம் என்று நம்புவது எங்க தொழில் வியாதி. அது இப்போது ஆட்டத்துக்கும் தொத்திக்கிச்சு. கடிகாரம் எல்லாருக்கும் ஒண்ணு. மூச்சு ஆளுக்கு ஆள் வேறு. பார்க்க வேண்டியது அந்த வித்தியாசத்தைத்தானே?

ரெய்டு நடக்கும்போது வர்ணனையாளர் வாயை மூடட்டும். மைக்கைக் களத்துப் பக்கம் திருப்புங்கள். கேட்பது வெறும் 30 விநாடி.